அறுநூற்றுக்கு இருபத்தொன்பது குறைவு

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, எங்கள் மருத்துவ நிலையத்தைப் பூட்டிவிட்டு இன்று வருத்தம் தெரிவிக்க வந்திருக்கும் அதிகாரி அவர்களே, எட்டு மாதமாக எழுத்தர் ஐயாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு இன்று அவருடைய இரங்கல் கூட்டத்துக்குத் திரண்டு வந்திருக்கும் ஊராரே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அக்காவே, வணக்கம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். எட்டாம் வகுப்பை ஏறக்குறைய முடித்தவன் நான். கணக்கு எனக்கு வரும். அறுநூறு பேர் இல்லாத ஊருக்கு மருத்துவ நிலையம் கிடையாது என்று உத்தரவு வந்த அன்றே, முதல் பலி என் மாமாதான் என்று சொன்னேன். யார் காதில் ஏறியது?

என் அக்காவின் கணவர், நம் எழுத்தர் ஐயா, தலைக்கணக்கு எடுக்க இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் ஏறி இறங்கினார். கூடவே நானும் போனேன், பாதி வீட்டுக்காவது. எத்தனை கூரை ஒழுகுகிறது, எத்தனை குழாயில் காற்று மட்டும் வருகிறது, எத்தனை கதவில் பூட்டு தொங்குகிறது, எல்லாம் எழுதினார். பூட்டு மட்டும் எழுபத்து நான்கு. ஒரு வீட்டில் ஒழுகலுக்கு வைத்த பாத்திரம் நாற்பது. சரி, பதினான்கு.

தையல்காரம்மா வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

"என் பசங்க மூணு பேரும் இங்கதான் இருக்காங்க. எழுதிக்கோங்க."

"கண்ணுல படலையேம்மா?"

"வெளிய போயிருக்காங்க."

"எப்பப் போனாங்க?"

"ஆறு வருஷம் ஆச்சு. வந்துடுவாங்க."

"அவங்க கட்டில் மேல என்ன அது?"

"வெங்காயம். காய வெச்சிருக்கேன்."

"வெங்காயத்த எழுத முடியாதும்மா" என்று மாமா மூன்று பெயரையும் அடித்தார். வீட்டுக்கு வீடு இப்படி அடித்துத்தான் ஊர்க்கணக்கு ஐந்நூற்று எழுபத்தொன்றில் வந்து நின்றது. டீக்கடையில் இதை உங்களுக்குச் சொன்னவனும் நான்தான்.

அந்த நேர்மைக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பினீர்கள். நெஞ்சுவலி வந்த அன்று வண்டி கேட்டு என் அக்கா நான்கு கதவைத் தட்டிய பிறகுதான் ஒரு கதவு திறந்தது. நகரம் நாற்பத்தாறு கிலோமீட்டர். முப்பதாவது கிலோமீட்டரில் போய்விட்டார். அவர் வாசலிலிருந்து பூட்டிக் கிடக்கும் நிலையம் எத்தனை தப்படி? வீட்டுக்குப் போகும்போது நடந்து பாருங்கள். நம் கணக்கு இப்போது ஐந்நூற்று எழுபது.

அடுத்த மாதம் மறுகணக்கு. அந்தப் படிவத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வீடு விடாமல் ஏறுவேன், அந்த நிலையத்தைத் திறக்க வைப்பேன். இது உங்கள் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

நேர்மை என்று நான் சொன்னபோது நீங்கள் தலையாட்டினீர்கள். என் அக்கா மட்டும் தரையைப் பார்த்தார். அக்காவுக்குத் தெரியும். மாமா ஒரு பெயரையும் அடிக்கவில்லை. தையல்காரம்மாவின் மூன்று பிள்ளைகளையும் எழுதினார், உங்கள் பிள்ளைகளையும் எழுதினார், அறுநூற்று நான்கு என்று கொடுத்தார். சரிபார்க்க வந்த இந்த அதிகாரியிடம், "எங்க ஊருப் பசங்க ஒருத்தனும் இங்க இல்ல சார், என் பசங்க ரெண்டு பேருமே நகரத்துல மேனேஜர்" என்று மார்தட்டியவன் நான். அதைக் கேட்டு முப்பத்து மூன்று பெயரை அடித்தவர் இந்த அதிகாரிதான். ஏன் குறைந்தது என்று நீங்கள் கேட்டபோது, மாமா அடித்துவிட்டார் என்று கதை கட்டியவனும் நான். மனைவியின் தம்பி ஆயிற்றே என்று அவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.