நிமிடத்துக்குப் பதினெட்டு

இரவு எட்டேகால். மருத்துவமனைக்குப் பின்பக்கத்துச் சாலை. ஒரு பக்கம் நீண்ட மதில். எதிர்ப்பக்கம் பூட்டிய கிடங்குகள். அந்த நேரத்தில் நாய்கூட இருக்காது. சலவைக்கூடத்துக் குழாயிலிருந்து நீராவி மட்டும் வந்துகொண்டிருக்கும். ஈரத் துணி வாசனை... பினாயில் வாசனை...

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு விலங்கியல் படித்த தோழியின் அக்காவுக்கு. அக்கா நர்ஸ். ராத்திரி டூட்டிக்கு அந்த வழியாகத்தான் நடந்து போவாள்.

"வாயே திறக்காதவ. திறந்தா பேய்தான் வருது," என்றாள் எங்கள் ஹாஸ்டல் அறையில் கட்டில்மேல் சுருண்டிருந்த தையல்காரி.

"நீ சும்மா இரு. அவ சொல்லட்டும்." டைப்பிஸ்ட் என் போர்வையில் பாதியை இழுத்துக்கொண்டாள்.

அக்கா பாதி தூரம் போயிருப்பாள். பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். காலடிச் சத்தம் இல்லை. மூச்சு மட்டும். ஆழமாக, அவசரமாக... ஹ்ஹா... ஹ்ஹா... ஹ்ஹா. திரும்பினாள். யாருமில்லை. ஒரு வாசனை மட்டும். பழம் அழுகுவதற்கு முந்தின நாள் ஒரு தித்திப்பு வாசனை வருமே, அது.

அக்கா ஓடவில்லை. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். இருபத்தாறு.

ஆறு வருட வேலையில் அவள் முழுசாக எண்ணிய முதல் மூச்சு அதுதான்.

"புரியல," என்றாள் டைப்பிஸ்ட்.

வார்டில் ஒவ்வொருவருக்கும் நாலு கணக்கு எழுத வேண்டும். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. முதல் மூன்றுக்கும் கருவி உண்டு. மூச்சுக்கு நர்ஸின் கண்தான். அதுவும் நோயாளிக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பிடிப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும்.

"ஐயோ, நீ சொன்னதும் நான் மூச்சு விடுறதே எனக்குத் தெரியுது. இனி எப்படித் தூங்குறது?" என்றாள் தையல்காரி.

முப்பத்து நாலு கட்டில். ஒரே நர்ஸ். மூச்சுக்கு மட்டும் முப்பத்து நாலு நிமிடம். அதனால் அங்கே யாரும் எண்ணுவதில்லை. முதல் ராத்திரியே ஒரு மூத்த நர்ஸ் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "இருபதுன்னு போடாதடி. குத்துமதிப்புன்னு தெரிஞ்சுடும். பதினெட்டுன்னு போடு. எண்ணின மாதிரி இருக்கும்."

அந்த வார்டில் எல்லோரும் பதினெட்டுதான். தூங்குகிறவரும் பதினெட்டு, காய்ச்சலில் பிதற்றுகிறவரும் பதினெட்டு.

அந்த மூச்சு வருவதற்குச் சில நாள் முன்பு, பதினொன்றாம் கட்டிலில் ஒருத்தி. சின்ன வயதிலிருந்தே சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவள். காலில் சீழ் வைத்த புண். காலையில் ஆபரேஷன், பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. சாப்பாடு இல்லை என்பதால் ராத்திரி ஊசியையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். வார்டில் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற அட்டை தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இன்சுலின் இல்லாமல், புண்ணும் சேர்ந்துகொண்டால், சிலருக்கு ரத்தம் அமிலமாகும். உடம்பு முட்டாள் இல்லை. அந்த அமிலத்தை மூச்சு வழியாக வெளியேற்றப் பார்க்கும். மூச்சு ஆழமாகும், வேகமாகும். பழ வாசனை வரும். நாக்கு வறண்டு, உயிர் போகிற தாகம் எடுக்கும். அந்த நேரத்தில் யாராவது மூச்சை எண்ணினால் போதும்... பிழைக்க வைக்க மருந்து இருக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்கு அவள் கணவன் வந்தார். வெல்டர். கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. "சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்களேன். ஓடி வந்தவ மாதிரி இரைக்குது."

"காலைல ஆபரேஷனாச்சே, பயந்திருப்பாங்க. இப்பத்தான் எண்ணினேன். சரியாத்தான் இருக்கு," என்றாள் அக்கா.

நாலு மணிக்கு அவள் தண்ணீர் கேட்டு அழுதாள். வெல்டர் மனசு கேட்காமல் இரண்டு ஸ்பூன் கொடுத்தார். ஐந்து நாற்பதுக்கு அவள் போய்விட்டாள்.

விசாரணை பத்து நிமிடம் நடந்தது. அக்கா எழுதிய தாளில் பத்து மணிக்குப் பதினெட்டு, இரண்டு மணிக்குப் பதினெட்டு, நாலு மணிக்குப் பதினெட்டு. மூச்சு சீராக இருந்திருக்கிறது. வேண்டாமென்று சொல்லியும் கணவர் தண்ணீர் கொடுத்திருக்கிறார். மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கும். அவ்வளவுதான்.

பெண்ணின் அண்ணன்மார் இரண்டு பேர். வாசலிலேயே வெல்டரை அடித்தார்கள். நாலு வயசு மகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "எங்க தங்கச்சியைக் கொன்னவன்கிட்ட இது எதுக்கு?"

உதட்டில் ரத்தத்தோடு அவர் திரும்பி வந்து, அக்காவிடம் கை கூப்பினார். "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான்தான் கேக்கல. மன்னிச்சுக்குங்க சிஸ்டர்."

"உங்கக்கா என்ன சொன்னா?"

"என் அக்கா இல்லை."

"சரி, அவ அக்கா."

அவர் உதட்டுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள்தான் அந்தச் சாலையில் மூச்சு வந்தது. இருபத்தாறு. மறுநாள் முப்பது. அதற்கு மறுநாள் முப்பத்தாறு. மருத்துவமனைப் பின்கேட் வரைக்கும் வரும், அங்கே நின்றுவிடும். அக்கா ஒவ்வொரு நாளும் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வீட்டில் தங்கையிடம் சொன்னாள். தங்கை, அதாவது என் தோழி, "போய் உண்மையைச் சொல்லிடுக்கா," என்றாள்.

"சொல்லிட்டு? வேலை போகும். உன் காலேஜ் ஃபீஸை யாரு கட்டுவா, அந்த வெல்டரா?"

அதற்கப்புறம் தோழியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள். அதே எட்டேகால். சலவைக்கூடத்து விளக்குக்குக் கீழே வெல்டர் நின்றிருந்தார். சவரம் செய்யவில்லை. அக்காவுக்குப் பின்னால் மூச்சு... நாற்பதைத் தாண்டியிருந்தது. பழ வாசனையும் ஏறியிருந்தது. வெல்டருக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

"சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு சந்தேகம். அன்னிக்கு ரெண்டு மணிக்கு நெசமாவே எண்ணினீங்களா? அப்பவே அவளுக்கு முடியாம இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா... மச்சான்மாருங்ககிட்டக் காட்டுவேன். பிள்ளையைக் குடுத்துடுவாங்க."

மூச்சு நின்றது.

போகவில்லை. அடக்கிக்கொண்டு நின்றது. பதில் காதில் விழ வேண்டுமென்று நாமெல்லாம் மூச்சைப் பிடிப்போமே... அப்படி. அக்காவின் கழுத்துக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில்.

"எண்ணினேன்," என்றாள் அக்கா. "பதினெட்டு."

வெல்டர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப நான்தான்," என்றார். போய்விட்டார்.

மூச்சு திரும்ப வரவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. "விட்டுட்டா போல," என்றாள் அக்கா. ஒரு வாரமாகச் சாப்பிடாதவள், அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள். திரையை இழுத்துவிட்டுப் பகல் தூக்கம் போட்டாள்.

தோழி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டரை. அறை ரொம்ப அமைதியாக இருந்தது. எதனால் இவ்வளவு அமைதி என்று யோசித்தாள்... அக்காவின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தாள். நாடி எழுபத்திரண்டு. கை சூடாகத்தான் இருந்தது. நெஞ்சைப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து மூக்குக்குக் கீழே பிடித்தாள். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. பத்து நிமிடம் பிடித்திருந்தாளாம்.

தையல்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "செத்துட்டாளா?"

"இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து டூட்டிக்குப் போனாள். இப்போது தலைமை நர்ஸ். புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறாள்."

"அந்தப் பிள்ளை?"

"மாமன்மார் வீட்டில்தான்."

டைப்பிஸ்ட் என் கையைப் பிடித்திருந்தாள், வியர்த்திருந்தது.

போன மாதம் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். முதலில் ஒருமுறை காற்றை உள்ளே இழுத்தாள்... பம்ப் அடிப்பதுபோல, தோள் உயர. பிறகு, "வாம்மா, நல்லா இருக்கியா?" என்றாள். அந்தக் காற்று அவ்வளவுக்குத்தான் போதுமாக இருந்தது. நான் பதில் சொல்லி முடிக்கும்வரை அவள் நெஞ்சு அசையவே இல்லை. அடுத்ததாகச் சொல்ல ஏதோ நினைவுக்கு வந்தபோதுதான் மறுபடியும் இழுத்தாள்.