கன்னிக்கு வைத்த முகம்

இந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஸ்டேஷன் டீ பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

நிலா என் தங்கை. நல்ல கறுப்பு. "நிலான்னு பேர் வெச்சுட்டா வெளுத்துருமா?" என்று ராசிபுரத்துச் சொந்தங்கள் கேட்கும். அவளும் சிரிப்பாள். சிற்பம் படித்துவிட்டு வந்தவள், தன் உடம்பையே அச்செடுத்துச் சிலை செய்து, அட்டக்கறுப்பு பூசினாள். அதுகூடப் பரவாயில்லை. அடுத்ததில் தானும் தன் சிநேகிதி மோனிஷாவும் கட்டிக்கொண்டு நிற்கப்போவதாகச் சொன்னாள். சேலத்தில் கண்காட்சி. கீழே 'தம்பதி' என்று எழுதுவாளாம்.

குமாரபாளையத்திலிருந்து எனக்கு நிச்சயம் பேச வர இருந்தார்கள்.

"ஒரு வருசம் தள்ளிப் போடு சாமி," என்றேன்.

"உனக்கு மாப்பிள்ளை வர்றதுக்கு நான் ஒளிஞ்சுக்கணுமாக்கா? கரண்ட் போனாப் போதும், என்னை யாருக்கும் தெரியாது," என்றாள்.

அச்செடுக்க என்னைத்தான் கூப்பிட்டாள். என் கை நிதானமான கை. எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் மாவுக்கட்டுத் துணிதான். மோனிஷா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். எண்ணெய் தடவி, முதலில் இரண்டு கைகளையும் சேர்த்துச் சுற்றினேன். அது இறுகியதும் முகம். மூக்குத் துவாரத்தை மட்டும் விட வேண்டும். விட்டேன். பிறகு அதையும் மூடினேன்.

பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. குதிகாலால் தரையை அடித்தாள். இடுப்பில் ஏறி உட்கார்ந்து அழுத்தினேன். விரிசல் விட்ட இடத்தில் ஈரத்துணி வைத்துத் தேய்த்தேன். உள்ளிருந்து அவள் துணியைக் கடிப்பது என் விரலுக்குத் தெரிந்தது. மாவு இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு ஆறும்வரை கையை எடுக்கவில்லை.

மாவுக்கட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு வலிப்பு என்று சொன்னேன். மூக்குக்குள் மாவு இருந்ததைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்துவிட்டார்கள்.

கல்யாணமாகாமல் செத்த பெண்ணை எங்கள் வீட்டில் கன்னியாகக் கும்பிடுவோம். சேலை வைத்துப் படைத்தால், வீட்டுப் பெண்களுக்கு வரன் கொண்டுவந்து சேர்ப்பாள். அவளுடைய முக அச்சை மட்டும் உடைக்காமல் எடுத்து, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தேன். வெள்ளை மாவில் மஞ்சள் நன்றாக ஏறியது. லட்சணமாக இருந்தாள்.

மோனிஷா வெளியே உட்கார்ந்திருக்கிறாள். "அவ கன்னி இல்லீங்க, எம் பொண்டாட்டி. அந்த மூஞ்சிய மட்டும் வாங்கிக் குடுங்க," என்று காலையிலிருந்து கேட்கிறாள். எங்கே வைத்திருக்கிறேன் என்று இன்ஸ்பெக்டரும் கேட்டார்.

"மத்ததெல்லாம் எழுதிக்கங்க மேடம், கையெழுத்துப் போடறேன்," என்றேன். "அதை மட்டும் குடுக்க முடியாதுங்க. வைகாசிக்குள்ள அவதான் எனக்கு நல்ல இடமா முடிச்சு வெக்கணும்."