நாற்பதாம் எண் எஞ்சின்

புது எஞ்சின் வாங்குகிறவர் முதல் ஓட்டத்தன்று கேக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் ஆட்களிடையே வழக்கம். வீட்டில் செய்த கேக். எலுமிச்சை கேக் என்றால் உத்தமம். சாக்லேட் விரலில் ஒட்டும், விரலிலிருந்து எஞ்சினின் பெயின்ட்டில் ஒட்டும். நெவில் மார்ஸ்டன் கடையில் வாங்கிய சாக்லேட் கேக்கைக் கொண்டுவந்தான், விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல். அது குற்றமில்லை, சார்ஜண்ட். ஆள் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குப் புரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். அதை மட்டும் சொன்னால் இந்த ரே ஆல்சப் ஏதோ பைத்தியக்காரன் மாதிரித் தெரிவான். கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

ஆஷ்போர்னில் என் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் ஒரு ரயில் பாதை இருக்கிறது. பதினெட்டு வருஷ உழைப்பு. இடுப்பளவு உயரத்தில் செங்கல் கட்டி, அதன்மேல் நாற்பது கஜ வட்டத்துக்குத் தண்டவாளம் போட்டிருக்கிறேன். ஓடுவது மின்சாரப் பொம்மைகள் அல்ல. முழங்கை நீளத்துக்கு ஒரு எஞ்சின், அதற்குள் செம்புக் கொதிகலன், அடியில் சின்ன எரிவாயு அடுப்பு, நிஜமான நீராவி. ஒவ்வொரு செங்கல்லையும் மட்டம் பார்த்து நானே வைத்தேன். நெவிலுக்கு ஒரு கஜம் தண்டவாளம்கூடக் கிடையாது. அவனும் அவன் மனைவி பாலீனும் குடியிருந்தது இரண்டாம் மாடியில். அங்கே அவனுக்குச் சொந்தமாக இருந்த தோட்டம் இரண்டு பூத்தொட்டிகள்.

ஆகவே பதினொரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் என் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுவான். எனக்கு அவனைப் பிடிக்காது. ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. நான் எஞ்சின் ஓட்டும்போது பக்கத்தில் நின்று வாயாலேயே விசில் சத்தம் போடுவான். போகிற பெட்டியை நாய்க்குட்டியைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொடுப்பான். ஒருமுறை என் பழைய எஞ்சினைத் தண்ணீர் பார்க்காமல் ஓட்டி, கொதிகலனைக் காயவிட்டுக் கெடுத்தான். நான் குனிந்து சேதத்தைப் பார்த்தேன். அதற்கு அவன் கேட்டது: "என்ன ரே, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நீ ஒருதரம் சிரிச்சா ஏதாச்சும் வெடிச்சிடுமா என்ன?"

பின் ஏன் வரவிட்டீர்கள் என்று கேட்பீர்கள். வேறு யாரும் வரவில்லை.

எம்ரிஸ் பென்ரியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். வேல்ஸ் எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய மாட்டுக்கொட்டகையில் தனியாக உட்கார்ந்து எஞ்சின் செய்கிறவர். வருஷத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. அவர் செய்த எஞ்சின் மெதுவாக ஓடும். ஓடவைப்பது யாருக்கும் கைவரும், மெதுவாக ஓடவைப்பதுதான் கஷ்டம். முயல் முகர்ந்து முகர்ந்து போகிற வேகத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல் போகும். கண் மங்கிவருவதால் நாற்பதோடு நிறுத்திக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். பெயர்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைப்பார். முப்பத்தொன்பது பெயர்கள் பதிவாகிவிட்டன என்று எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவந்தது. பென்ரி மாதிரி ஆளுக்குத் தொலைபேசி செய்வது மரியாதையில்லை; கடிதம்தான் எழுத வேண்டும். அன்று மாலையே நல்ல தாளில் எழுதினேன். மறுநாள் நெவில் ஒரு பெட்டியைத் திருப்பித் தர வந்தபோது, முட்டாள்தனமாக, அவனிடம் சொன்னேன்.

அவன் என் வீட்டு வாசலிலிருந்து கார் வரை நடக்கும்போதே பென்ரிக்கு போன் போட்டுவிட்டான்.

என் கடிதம் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. பென்ரியே கூப்பிட்டார். "நாப்பது போயிடுச்சு மிஸ்டர் ஆல்சப். மார்ஸ்டன்னு ஒருத்தர், உங்க ஊர்தான். உங்க பேரக் கீழ எழுதி வச்சிக்கிறேன். அவருக்கு வேணாம்னா, இல்ல அவரு இல்லாமப் போயிட்டா, எஞ்சின் உங்களுக்கு. வயசானவங்க விளையாட்டு பாருங்க, சொல்ல முடியாது," என்றார். இதை அவர்தான் சொன்னார், நான் இல்லை. நான் சும்மா கேட்டுக்கொண்டேன். அந்த எஞ்சின் செய்துமுடிய ஆன ஐந்து வருஷமும் அந்த வார்த்தை என் காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

பென்ரிக்கு இன்னொரு விதி உண்டு. உங்கள் முன்னால் இருக்கிறதே, அந்த மஞ்சள் அட்டை, அதை எஞ்சினோடு அனுப்புவார். முதல் ஓட்டம் முடிந்ததும் நேரம், நீராவி அழுத்தம், எத்தனை சுற்று, எப்படி ஓடியது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த அட்டை வந்த பிறகுதான் நோட்டில் எண்ணுக்கு எதிரே மையால் பெயர் எழுதுவார். அதுவரை பென்சில். ஓட்டாமல் பெட்டியிலேயே வைத்து விற்கிறவர்களுக்காக ஏற்பட்ட விதி அது. பென்சிலில் இருக்கிற ஆள் இல்லாமல் போனால் எஞ்சின் அவர் வீட்டாருக்குப் போகாது, அடுத்த பெயருக்குப் போகும். கறாரான மனிதர். அதனால்தான் அவரை மதித்தேன்.

போன மாசம் நெவிலுக்கு எஞ்சின் வந்தது. கரும்பச்சை. பெட்டியோடு என் சமையலறை மேஜையில் கொண்டுவந்து வைத்து, தாளைப் பிரித்து, அதையும் நாய்க்குட்டி மாதிரி தட்டினான்.

"இது இங்கயே உன் ஷெட்ல இருக்கட்டும் ரே. எனக்கு எங்க தண்டவாளம் கெடக்கு? வார நாள்ல நீ ஓட்டிக்க, ஞாயித்துக்கிழமை நான் வந்து ஓட்டுறேன். நீ ஒண்ணும் வேலைக்குப் போறவன் இல்லியே," என்றான்.

என்னுடைய தோட்டத்தில், என்னுடைய தண்டவாளத்தில், எனக்கு அனுமதி கொடுக்கிறான். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வராத அளவுக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். இரண்டு மணிக்கு பாலீன் அவனைக் காரில் கொண்டுவந்து விட்டாள். அவள் செடி வாங்கப் போகவேண்டியிருந்தது. கிளம்பும்முன் கார்க் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"ரே, அவரு ஸ்ப்ரே கோட் பைல இருக்கு. நெஞ்சு புடிச்சா நாக்குக்கு அடியில ரெண்டு தடவ அடிச்சா போதும். எதையும் தூக்க விட்டுடாதீங்க. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு. நான் சொன்னா கேக்கமாட்டாரு, நீங்க சொன்னா கேப்பாரு."

சரி என்றேன். முதல் வாக்குமூலத்தில் இதை நான் சொல்லவில்லை. அப்போது நீங்கள் கேட்கவில்லை.

நெவில் கோட்டைக் கழற்றித் தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டினான். எஞ்சின் கிளம்பும்போது புகைபோக்கியிலிருந்து எண்ணெயும் வெந்நீரும் தெறிக்கும்; நல்ல துணி பாழாகிவிடும். ஆகவே கோட்டை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். யார் வீட்டிலும் விருந்தாளிக்குச் செய்கிற காரியம்தான். பையில் ஸ்ப்ரே இருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. அதைத் தனியாக எடுத்து அவனிடம் கொடுத்திருக்கலாம், உண்மைதான்.

பிறகு தண்ணீர். கொதிகலனுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும், மழைத்தண்ணீர் வேண்டும். என் மழைத்தண்ணீர்ப் பீப்பாய் தோட்டத்தின் கடைசியில், சரிவுக்குக் கீழே, முப்பத்தொரு படி இறங்கினால் இருக்கிறது. இரண்டு பெரிய கேன்களைக் கொடுத்து நிரப்பிவரச் சொன்னேன். கொண்டுவந்தான். முதலில் கொண்டுவந்ததில் தூசி இருக்கிறது என்று செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் அனுப்பினேன். பிறகு மூன்றாம் தடவை.

"யோவ், டைட்டானிக்கா ஓட்டப்போற? இம்புட்டுத் தண்ணி எதுக்குய்யா?" என்று படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

கேள்வி சரியான கேள்விதான். இந்த எஞ்சினின் கொதிகலன் ஒரு டீக்கோப்பைத் தண்ணீர் பிடிக்கும். அந்த ஒரு கோப்பை நான் காலையிலேயே ஷெட்டில் எடுத்துவைத்திருந்தேன். பதினொரு வருஷமாகப் பார்க்கிறவன் அதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற ஆள் இல்லை அவன். எஞ்சினைப் பற்றிய சந்தோஷத்தில் இருந்தான்.

மூன்று மணி நாலு நிமிஷத்துக்கு நீராவி அழுத்தம் நாற்பது பவுண்டு வந்தது. முதல் சுற்றை அவன் ஓட்டினான். வேகமாக. வளைவில் எஞ்சின் தூக்கிப் போட்டது. நான் கையை நீட்டிப் பிடித்து, நீராவித் திருகைக் குறைத்து, கூடவே நடக்க ஆரம்பித்தேன். அதன் பிறகுதான் எஞ்சின் தன் நடையில் போயிற்று. மூன்றாவது சுற்றில் நெவில் பூப்பாத்தி ஓரத்தில் உட்கார்ந்தான். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"ரே, அந்தக் கோட்டக் கொஞ்சம் எடுத்துட்டு வா," என்றான்.

நீராவி ஏறிய எஞ்சினை ஓட்டுகிறவன் விட்டுவிட்டு நகரக் கூடாது. இது என் விதி இல்லை. எந்தச் சங்கத்தில் கேட்டாலும், எந்தக் கையேட்டைப் பிரித்தாலும் முதல் வரியாக இருக்கும். தண்டவாளத்தை விட்டு இறங்கி விழுந்தால் எரிவாயு தீப்பிடிக்கும். வைக்கோல் மாதிரி காய்ந்த வேலி பக்கத்திலேயே இருந்தது. "எஞ்சின் ஸ்டீம்ல இருக்கு நெவில்," என்றேன். அவனுக்கும் அந்த விதி தெரியும். மறுபடியும் ஒரு தடவை என் பெயரைச் சொன்னான். கோட் என்று சொல்ல வந்தான் போலிருக்கிறது, முடிக்கவில்லை. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

நீராவித் திருகை மூடி எரிவாயுவை நிறுத்த எத்தனை நேரமாகும் என்று நேற்று கேட்டீர்கள். இரண்டு திருகுகள். நாலு நொடி.

நான் நிறுத்தவில்லை. எரிவாயு தானாகத் தீரும்வரை இருபது சுற்று ஓட்டினேன். இருபத்தேழு நிமிஷம். அத்தனை சுற்றிலும் அவனைக் கடந்துதான் போனேன். பாதை அப்படி வளைகிறது. ஏழாவது சுற்றுவரை அவன் கை அசைந்துகொண்டிருந்தது. எஞ்சின் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அழகாக ஓடியது என்று உங்களிடம் சொன்னால் புரியாது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு மத்தியானம் வாய்த்ததில்லை. நான் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

பிறகு கொதிகலனை ஆறவைத்து, மிச்சத் தண்ணீரை வடித்து, துடைத்து, எண்ணெய் போட்டேன். புது எஞ்சினை ஈரத்தோடு விடக் கூடாது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, இப்போதுதான் விழுந்தார் என்றேன். அது பொய். நான் சொன்ன ஒரே பொய் அதுதான், சரிசெய்துகொள்ளுங்கள்.

அட்டையை அன்று மாலை எழுதினேன். ஏன் உள்ளதை உள்ளபடி எழுதினீர்கள் என்று நீங்கள் ஆச்சரியப்படுகிறீர்கள். பென்ரியின் அட்டையில் பொய் எழுதுகிறவன் எஞ்சின் வைத்திருக்கத் தகுதியில்லாதவன், சார்ஜண்ட். புறப்பாடு மூன்று நாலு. எரிவாயு தீர்ந்தது மூன்று முப்பத்தொன்று. ஓட்டியவர் ஆர். ஆல்சப். குறிப்பு: மூன்றாம் சுற்றில் உரிமையாளருக்கு உடம்பு முடியாமல் போயிற்று, ஓட்டம் தடைப்படவில்லை. கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன். பென்ரி அதைப் படித்துவிட்டு பாலீனைக் கூப்பிடுவார், அவள் உங்களைக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வாழ்த்துச் சொல்லி எழுதுவார் என்றுதான் இருந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அவனைப் படியேற வைத்தது வேண்டுமென்றே. அவன் கேட்டபோது போகாமல் இருந்ததும் வேண்டுமென்றே. அவன் சாக வேண்டும் என்று விரும்பினேன், செத்தான். இதில் எனக்குத் தூக்கம் கெடவில்லை.

என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. பென்ரி தன் விதியைத் தானே மீறி, நாற்பதாம் எண்ணுக்கு எதிரே பாலீன் மார்ஸ்டன் என்று மையால் எழுதிவிட்டாராம். இன்று காலை வக்கீல் சொன்னார். அவள் அதை ஓட்டப்போவதில்லை. கூடத்தில் நெவிலின் போட்டோவுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறாளாம். ஒரு கோப்பைத் தண்ணீருக்கும் கொஞ்சம் நெருப்புக்கும் காத்துக்கொண்டு அது அங்கேயே கிடக்கும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். மூச்சுவிடக்கூடிய ஒன்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அப்படிச் சும்மா இருக்க ஒரு மனுஷிக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ, எனக்குத் தெரியவில்லை.