வேல்விழியின் காறை எலும்பு

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், நீதித்துறை நடுவர் முன்பு சொல்லப்பட்டு எழுதப்பட்டது.

என் பெயர் வேல்விழி. கணவர் பெயர் முனியராஜ். ஊர் ஏழாயிரம்பண்ணை. பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலை. வழக்கே என் வயதைப் பற்றித்தான் என்பதால் அதைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். இப்போதே சொல்ல வேண்டும் என்று நடுவர் ஐயா கூறியதால் சொல்கிறேன்: பதினெட்டு முடிந்துவிட்டது.

முனியராஜ் எங்கள் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். வேறு சாதி. சென்ற மாதம் நானாகத்தான் அவரோடு கிளம்பிப் போய்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டேன். யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நான் என்ன வேனில் ஏற்றுகிற லோடா? அதன் பிறகு என் அப்பா சங்கிலிமுத்து, மகளுக்குப் பதினேழு வயது, கடத்திவிட்டான் என்று புகார் கொடுக்க, என் கணவரைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று முடிவானால் அவர் உள்ளேயே இருப்பார், என்னை அப்பாவிடம் அனுப்புவார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வைத்தே அப்பா என்னிடம், "வீட்டுக்குத்தான வருவ, அங்கன வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

இதே அப்பாதான் 2001 கடைசியில், கம்பெனிக்கு அதிகாரிகள் சோதனைக்கு வந்தபோது, "எம்மவளுக்குப் பதினாலு முடிஞ்சிருச்சுய்யா" என்று கைகட்டி நின்று சொன்னவர். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளைப் பின்பக்கமாகக் காட்டுக்குள் விரட்டிவிட்டு, என்னை மட்டும் முன்னால் நிறுத்தினார்கள். அன்றைக்குப் பதினாலு முடிந்தவளுக்கு இன்றைக்கு எப்படிப் பதினேழு ஆகும்? ஐயாவே கூட்டிப் பார்க்கட்டும். வேலைக்காக அன்று கூட்டிச் சொன்னேன் என்கிறார் இப்போது. நான் பிறந்ததை யாரும் எங்கும் பதியவில்லை, பள்ளிக்கூடமும் சரியாகப் போகவில்லை. அதனால்தான் எலும்பைப் பார்த்து வயதைச் சொல்ல உத்தரவானது.

நேற்று பெண் காவலர் ஆவுடைத்தாய் என்னை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அப்பாவும் அம்மா முருகம்மாளும் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அதன் பிறகு கழுத்துக்குக் கீழே காறை எலும்பை எடுக்க வேண்டும், தாலி மறைக்கும், கழற்று என்றார்கள். கட்டியதிலிருந்து நான் அதைக் கழற்றியதில்லை. மாட்டேன் என்றேன். படம் சரியாக விழாவிட்டால் உன் புருஷனுக்குத்தான் கஷ்டம் என்று ஆவுடைத்தாய் அக்கா சொன்னதால் கழற்றினேன். தங்கத்துக்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்று அவர் வாங்கவில்லை. அம்மா கையை நீட்டினாள். அப்பா பக்கத்திலேயே நின்றார். வேறு வழியில்லாமல் கொடுத்தேன். உள்ளே மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். நான் அதற்கு முன்பே பிடித்துத்தான் வைத்திருந்தேன்.

அதன் பிறகு டாக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, முழங்கையிலும் மணிக்கட்டிலும் எலும்பு முனைகள் வளர்ந்து ஒட்டிக் கூடிவிட்டன, இடுப்பெலும்பின் ஓரம் பாதி கூடியிருக்கிறது, காறை எலும்பு கூடவில்லை, எனவே பதினேழுக்கு மேல் பத்தொன்பதுக்குள், இதற்கு மேல் எலும்பு சொல்லாது என்றார். "பதினேழுன்னு டாக்டரே சொல்லிட்டாக" என்று அப்பா சத்தம் போட்டார். "பத்தொம்பதுன்னும் சொன்னாகள்ல, அது காதுல விழலையா?" என்று நானும் கத்தினேன். அப்பா அம்மாவிடம் திரும்பி, "அதக் குடு இங்கன" என்று கையை நீட்டினார்.

அம்மா கொடுக்கவில்லை. அப்பா கேட்டு அம்மா ஒன்றைக் கொடுக்காமல் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. அவள் என்னிடம் வந்து தாலியைக் கழுத்தில் போட்டுவிட்டு, டாக்டரைப் பார்த்து, "போன ஐப்பசியிலயே இவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு சார். பெத்தவ நான் சொல்லுதேன், எழுதிக்கோங்க" என்றாள். அதைக் கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அம்மாவின் கையைப் பிடித்துப் பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போடும் முன் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். இன்று காலை கோர்ட்டுக்கு வந்து சொல்வதாக அம்மா நேற்று போகிற போக்கிலேயே ஆவுடைத்தாய் அக்காவிடம் சொல்லியிருந்தாள். வரவில்லை. அப்பா மட்டும் வந்து வெளியே மரத்தடியில் நிற்கிறார். என் வயதை அப்புறம் பாருங்கள் ஐயா. முதலில் யாரையாவது ஏழாயிரம்பண்ணையில் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்.

(ஒப்பம்) வேல்விழி