மாறிப்போன ஜெபம்

ஒரு சின்ன சம்பவம் சொல்றேன்... கொஞ்சம் கவனமா கேளுங்க.

சாத்தான்குளம் பக்கத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அண்ணன் தங்கையா, தம்பி எலியேசர். அப்பா கல்லறைக் கல்லுல மகன்கள் பேரைப் போடணும். யாரு பேரு முதல்ல? மூத்தவரு அண்ணன். கடைசி வரைக்கும் அப்பாவைப் பார்த்துக்கிட்டது தம்பி. அந்தச் சண்டையில பேச்சே நின்னு போச்சு. ஒரே கோயில், ஒரே திருவிருந்து... முகம் மட்டும் பார்க்க மாட்டாங்க.

ஒருநாள் தங்கையா தன் கிணத்துல இறங்கி தூர் வாரிட்டு இருந்தாரு. மழையில ஊறின மண்ணு. ஒரு பக்கம் அப்படியே சரிஞ்சு விழுந்துருச்சு. தோள் வரைக்கும் மண்ணு. கையை அசைக்க முடியலை. மூச்சை விட்டா நெஞ்சு சுருங்குது... சுருங்கின இடத்துல மண்ணு இறங்குது. அடுத்த மூச்சு அதைவிடச் சின்னது. அதுக்கடுத்தது இன்னும் சின்னது. மேலேயிருந்து பொலபொலன்னு தலையில மண்ணு விழுந்துக்கிட்டே இருக்கு.

அப்போ என்ன ஜெபம் பண்ணியிருப்பாரு? "ஆண்டவரே, என்னைக் காப்பாத்தும்." அவ்வளவுதான். வேற ஒண்ணும் வாயில வரலை.

மேலே கூட்டம். தீயணைப்பு வண்டி இன்னும் வரலை. இறங்க யாருக்கும் தைரியமில்லை. ஒரே ஒருத்தர் இடுப்புல கயிறைக் கட்டிக்கிட்டு இறங்குறாரு. யாரு? எலியேசர்.

"ஏலே... வராத. இந்த மண்ணு நிக்காது. மேல போ."

"பேசாம இருண்ணே. பேசினா மூச்சு போயிரும்."

"ஒனக்குப் பிள்ளைங்க இருக்குலே..."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ கண்ணை மூடிக்கோ."

வெறுங்கையால மண்ணை அள்ளுறாரு. அந்த நேரத்துலதான் தங்கையாவோட ஜெபம் மாறிப்போச்சு... "ஆண்டவரே, என்னை விட்டுரும். இவனை மேலே ஏத்திரும்."

மண்ணு நெஞ்சளவுக்குக் குறைஞ்சப்போ தீயணைப்பு வண்டி வந்துச்சு. ரெண்டு பேரையும் உயிரோட தூக்கிட்டாங்க.

பிறகு ஒரு போதகரா நான் தங்கையாகிட்ட கேட்டேன், "பயம் போயிருச்சாய்யா?"

"போகலை ஐயரே. இன்னமும் கதவைச் சாத்தித் தூங்க முடியலை. ஆனா யாருகூடயாவது மனஸ்தாபம் வந்தா அந்த மூச்சு நினைவுக்கு வந்துருது. உடனே எந்திரிச்சுப் போயி பேசிருதேன்."

பிரியமானவங்களே... ஆண்டவர் அந்த மண்ணைத் தங்கையா மேல தள்ளிவிட்டாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் குழிக்குள்ள அவரு தங்கையாவைக் கைவிடலை. எது பெருசு, எது சிறுசுன்னு அங்க வச்சுப் புரிய வச்சாரு. நமக்கும் ஒருநாள் மூச்சு சின்னதாகும். எனக்கும்தான். நினைச்சா பயமாத்தான் இருக்கு. அந்தப் பயத்தை விரட்டாதீங்க... அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க.

நீங்க பேசாம இருக்குற ஆளு இப்போ இங்கேயே, ரெண்டு வரிசை தள்ளி உக்காந்திருக்கலாம். ஆராதனை முடியட்டும்னு இருக்க வேண்டாம். எழும்பிப் போங்க... பிரசங்கம் நிக்கட்டும். நான் காத்திருக்கேன்.