லீவருக்கும் மைக்குக்கும் நடுவே

அப்புசாமி: கழட்டுங்க பாய். செட்டு, மைக்கு, ஒயரு, பம்பர்ல நிக்கற ஏரியலு... ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது. அத்தனையும் கழட்டிப்போடுங்க!

ஜபருல்லா: ஏனுங்கண்ணா, ஜீப்பை நிறுத்தறதுக்கு முந்தியே கத்தறீங்க? மாட்டி ஒரு மாசங்கூட ஆகுல. மொதல்ல கடைக்குள்ள வந்து உக்காருங்க. பிரவீனா அம்மணி, நீங்களும் எறங்கி வாங்க.

பிரவீனா: இல்லீங்க பாய்... நான் ஜீப்புலயே இருக்கறேன்.

அப்புசாமி: உக்கார்றதுக்கு நான் என்ன ஒறம்பரையா விருந்துக்கா வந்திருக்கறேன்? உங்க பிட்டிங்னால எம்புள்ளை கலியாணமே நின்னுபோச்சு. தெரியுமுங்களா?

ஜபருல்லா: யா அல்லா! வயர்லெஸ் செட்டுக்கும் கலியாணத்துக்கும் என்னுங்க சம்மந்தம்?

அப்புசாமி: சொல்றேன் கேளுங்க. முந்தாநேத்து நானும் இவளும் தோப்புல இருந்து ஊட்டுக்கு வந்துக்கிட்டிருந்தோம். ஓடையில ஒரே சேறு. நாலு வீல் கியரைப் போடோணுமில்லைங்களா? இந்த லீவரை முன்னால தள்ளுனேன். தள்ளுனா... லீவரு போயி மைக்குப் பட்டன்ல இடிச்சுக்கிச்சு.

ஜபருல்லா: இடிச்சுக்கிச்சா?

அப்புசாமி: இடிச்சு, அழுத்தி, அப்படியே நின்னுக்கிச்சு! நான் ஜீப்புக்குள்ள பேசுனது பூராவும் ஊட்டுல இருக்கற செட்டுல நாடகம் போட்டாப்புல கேட்டிருக்குது. அப்ப ஊட்டுல யாரு உக்காந்திருந்தாங்க தெரியுங்களா? சம்மந்தி!

பிரவீனா: இன்னும் சம்மந்தி ஆகலீங்கப்பா.

அப்புசாமி: இனி எங்க ஆகறது! நஞ்சுண்டன்னு பேரு, பாய். இவளுக்குப் பாத்த பையன் மனோஜ்குமாரோட அப்பன். உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்றதுக்கு நாள் குறிக்க வந்து, காப்பி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டுச் செட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்திருக்கறாரு. கேட்டதும் டம்ளரை வெச்சாராம், எந்திரிச்சாராம், போயிட்டாராம்.

ஜபருல்லா: அப்படி என்னுங்க பேசுனீங்க?

அப்புசாமி: அது... என்னமோ பேசுனேன்.

பிரவீனா: எச்சக் கையில காக்கா ஓட்டாத மனுசன்னு பேசுனாருங்க பாய்.

அப்புசாமி: நீ சும்மா இரு அம்மணி!

பிரவீனா: அதுதான் அதுல நல்ல வார்த்தைங்க. மத்ததை நான் சொல்ல முடியாது.

அப்புசாமி: ஆமா, பேசுனேன்! பேசாம என்னுங்க பண்றது? பொண்ணுப் பாக்க வந்த மனுசன் பொண்ணைப் பாக்குல பாய், ஜீப்பைப் பாத்தாரு. சுத்திச் சுத்தி வந்தாரு. பானட்டைத் தொறக்கச் சொன்னாரு. டயரை ஒதைச்சாரு. நாலு வீலும் இழுக்குமான்னு கேட்டாரு. எம்புள்ளை என்ன படிச்சிருக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்குல! போறப்ப, "கலியாணத்துக்கு ஜீப்பைச் செட்டோடயே குடுத்துருங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போறாரு.

ஜபருல்லா: நான் மாட்டுன செட்டையுமா!

அப்புசாமி: நீங்க மாட்டுன செட்டையுந்தான்.

ஜபருல்லா: என்னுங்க அநியாயமா இருக்குது! அதுக்கு லைசென்சு வாங்க நீங்க அலைஞ்ச அலைச்சல் எனக்குல்ல தெரியும்! அம்மணிதான அந்தச் செட்டுல கயித்து மில்லையும் லாரிகளையும் பாத்துக்கறது? செட்டு அங்க போயிட்டா...?

பிரவீனா: செட்டு மட்டுந்தானுங்க பாய் அவங்களுக்கு வேணும். நான் அதுல பேசக் கூடாதாம். கலியாணத்துக்கப்பறம் லாரிக்காரங்ககிட்டப் பேசறது, மில்லுக்குப் போறது... எதுவும் கூடாதுன்னு இப்பவே சொல்லிப்போட்டாங்க.

ஜபருல்லா: அப்ப நின்னது நல்லதுக்குத்தானுங்களே!

அப்புசாமி: பேச்சை மாத்தாதீங்க பாய். இந்த எடத்தைக் கொண்டாந்தது யாரு? எம்பட மச்சான். எங்கூட்டுக்காரியோட சொந்த அண்ணன். ரெண்டு நாளா ஊட்டுல ஒரே ரகளை. "ஜீப்புல இருந்தது ரெண்டே பேரு. மைக்கை அழுத்துனது யாரு?"ன்னு அண்ணனும் தங்கச்சியும் எங்களை நிக்க வெச்சுக் கேக்கறாங்க. லீவருதான்னு நான் அடிச்சுச் சொல்லிப்போட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க. இப்ப நீங்க ஊட்டுக்கு ஒரு போனைப் போட்டு...

ஜபருல்லா: போட்டு?

அப்புசாமி: "எம்பட தப்புத்தானுங்க, மைக்கை எடம் பாக்காம மாட்டிப்போட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவ்வளவுதான்.

ஜபருல்லா: செய்யாத தப்பை நான் எதுக்குங்க ஒத்துக்கோணும்?

அப்புசாமி: செய்யாத தப்பா!

ஜபருல்லா: ஆமாங்க! இந்தக் காந்திபுரத்துல உக்காந்து நான் மாட்டுன செட்டு எஸ்டேட்டு வண்டியில ஓடுது, போர்வெல் வண்டியில ஓடுது, பெருந்துறைக் கம்பெனிக்காரங்க வண்டியில ஓடுது. ஒருத்தரு வந்து கொறை சொன்னதில்லை. உங்களுக்கு என்ன கொறை வெச்சேன்? பேட்டரியில இருந்து நேரா ஒயரு இழுத்து நடுவுல பியூஸ் போட்டேன். பெயிண்ட்டைச் சொரண்டி இரும்புல எர்த் குடுத்தேன். மேல வெறும் படுதாங்கறதுனால ஏரியலைப் பம்பர்ல நிக்க வெச்சேன். செட்டுல இஞ்சின் சத்தம் ஒரு பொட்டு கேக்குதுங்களா?

அப்புசாமி: அதெல்லாங் கேக்குல...

ஜபருல்லா: நகருங்க.

அப்புசாமி: எங்கீங்க ஏர்றீங்க?

ஜபருல்லா: நகருங்கண்ணா சித்த! இந்தா, லீவரு. முன்னால தள்ளறேன், பாத்துக்கோங்க. பின்னால இழுக்கறேன். மைக்கு எங்க தொங்குது? அக்கட்டால, அம்மணி முழங்காலுக்கு நேரா. நடுவுல என் முழங்கையே பூரா போகுது. பாருங்க! இதுல எங்கீங்க இடிக்கும்?

அப்புசாமி: சேத்துல குலுங்கியிருக்கும்...

ஜபருல்லா: குலுங்கட்டும். குழியில உழுந்து எந்திரிக்கட்டும். இந்தப் பட்டனை ஆளு அழுத்திப் புடிச்சுக்கோணும். கையை எடுத்தா அந்த நிமிசமே எந்திரிச்சுக்கும். எவ்வளவு தூரத்துக்குப் பேசுனீங்க?

அப்புசாமி: ஓடை தாண்டி... மேடேறி... ரயில்வே கேட்டு வரைக்கும்.

ஜபருல்லா: கேட்டு வரைக்கும் லீவரு மைக்கை அழுத்திப் புடிச்சுக்கிட்டே வந்துதா? லீவருக்குக் கை மொளைச்சுப்போச்சா?

பிரவீனா: பாய்... உடுங்க பாய்.

ஜபருல்லா: எப்படிம்மா உடறது? பாய் பிட்டிங் ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பாரே உங்கப்பா. சொன்னீங்களா இல்லியாண்ணா?

அப்புசாமி: கேட்டவங்களுக்குச் சொன்னேன்.

ஜபருல்லா: கேட்டுக்கோங்க! இன்னைக்கு வர்றேன்னு சொன்ன போர்வெல் வண்டிக்காரரு எதனால வருலைன்னு இப்பல்ல தெரியுது! உங்களுக்கு நான் என்னுங்க பாவம் பண்ணுனேன்? சோத்துல மண்ணைப் போட்டுப்போட்டீங்களே!

அப்புசாமி: ஒரே ஒரு போனு பாய். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.

ஜபருல்லா: முடியாதுங்க. வேணும்னா செட்டைக் கழட்டித் தர்றேன். பொய் சொல்ல மாட்டேன்.

அப்புசாமி: அப்பக் கழட்டுங்க! எடுங்க ஸ்குரூ டிரைவரை! இனி இந்தச் சனியன் எனக்கு வேண்டாம்!

பிரவீனா: நாந்தானுங்க.

அப்புசாமி: நீ பேசாம இரு கண்ணு.

பிரவீனா: இல்லீங்கப்பா. பாய், மைக்கை அழுத்துனது நாந்தானுங்க. அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் அம்மா செட்டுல கூப்புட்டு, "நஞ்சுண்டன் வந்து உக்காந்திருக்கறாரு, வெரசா வாங்க"ன்னு சொன்னாங்க. அப்பா மொணமொணன்னு திட்ட ஆரமிச்சாரு. எனக்கு வேற வழி தெரியலீங்க. இந்த எடம் வேண்டாம் வேண்டாம்னு அம்மாகிட்ட அழுதேன், மாமன்கிட்ட அழுதேன். யாரு காதுலயும் உழுகுல. மைக்கை எடுத்துத் துப்பட்டாவுக்கு அடியில வெச்சு, கேட்டு வர்ற வரைக்கும் அழுத்திப் புடிச்சுக்கிட்டேன்.

ஜபருல்லா: பாத்தீங்களா! பாத்தீங்களாண்ணா! என் வேலையில குத்தமில்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டனே!

பிரவீனா: உங்க பேரு கெட்டது என்னாலதானுங்க பாய். மன்னிச்சுப்போடுங்க. நானே அம்மாகிட்டச் சொல்லிப்போடறேன்.

அப்புசாமி: சொன்னா உங்கம்மா உன்னைச் சும்மா உடுவாளா? உங்க மாமன் இனி நம்ம ஊட்டு வாசலை மிதிப்பாரா?

பிரவீனா: அதுக்காகப் பாய் தலையில கட்டறதுங்களா? அம்மா அடிச்சா அடிக்கட்டும். அப்பா... நீங்களாச்சும் வெய்யுங்க. என்னை ஏமாத்திப்போட்டயே, சபையில தலைகுனிய வெச்சுப்போட்டயேன்னு கேளுங்க. ஏன் கல்லாட்ட நிக்கறீங்க?

ஜபருல்லா: ஏனுங்கண்ணா... உங்களுக்கு இது முன்னமே தெரியுமுங்களா?

பிரவீனா: எப்படித் தெரியும்? ரோட்டைப் பாத்துத்தான ஓட்டிக்கிட்டு வந்தாரு. என் பக்கம் திரும்பவே இல்லீங்க.

அப்புசாமி: திரும்பித்தான் பாக்கோணுமா கண்ணு? மில்லுல இருந்து நம்ம கணக்குப்பிள்ளை தம்பிதுரை லாரிக்காரனைப் புடிச்சுச் செட்டுல கத்திக்கிட்டிருந்தான். பாதி வார்த்தையில அவன் சத்தம் நின்னுபோச்சு. நம்ம மைக்கை அழுத்துனாத்தான அடுத்தவன் பேசறது கேக்காது... அதுவரைக்கும் வாய்க்குள்ளயே மொணங்கிக்கிட்டிருந்தேன். அது நின்ன பொறகுதான் சாமி, அந்த நஞ்சுண்டன் பேரைச் சொல்லிச் சத்தம் போட்டே திட்டுனேன்.