காஸ்பர் காட்டிய எட்டு

— துப்பாக்கியைத் தேய்க்கலைன்னு எத்தனை தடவை சொல்றது, காஸ்பர்? எந்தத் துணியில சுத்திக் குடுத்தாங்களோ, அதே துணியோட தூக்கிட்டு வந்திருக்கேன்.

— பேக்கரிக்காரியும் அப்படித்தான் சொன்னா, ரோசினா. பாத்திரம் விளக்குற இரும்பு நாரால பளபளன்னு தேய்ச்சுட்டு வந்து நின்னா. பழைய ராணுவ பிஸ்டலை அப்படித் தேய்ச்சா பாதி விலை போயிடும். அன்னைக்கு அழுதது அவ இல்ல, நான். ராணுவக் கிடங்குல முப்பத்தெட்டு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவன் வயிறு எரியுமா எரியாதா?

— எனக்கென்ன வந்தது? நான் ஒரு சிநேகிதருக்காக நடையா நடக்கறேன். வித்துக் குடுன்னு கேட்டார். நீ விலையைச் சொல்லு, போதும்.

— பொறு பொறு. குண்டு கிடக்கான்னு முதல்ல நான் பார்க்கணும். சரி, காலி. யாரோடது?

— மலைக்கு அந்தப் பக்கம். உனக்குத் தெரியாத ஆள்.

— இந்தப் பள்ளத்தாக்குல எனக்குத் தெரியாத ஆளா? எந்த வீட்டுல என்ன சூப் கொதிக்குதுன்னு ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னு பார்த்து வந்து சொல்றவளே நீதானே?

— நான் அங்க நிக்கறது பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்த.

— மழை கொட்டறப்பவும் ஊத்துவே. ம்ம்... நல்ல சாமான். நம்ம பெர்ன்ல செஞ்சது. சிலுவை முத்திரை அப்படியே இருக்கு. ராணுவத்தை விட்டு வந்தப்போ சொந்தமாக் குடுத்ததுக்கு அடிச்ச முத்திரையும் இருக்கு. குழாயைப் பாரு, உள்ள கண்ணாடி. எண்ணெய் போட்டுப் போட்டு குழந்தை மாதிரி வளர்த்திருக்கான்.

— எவ்வளவு தேறும்?

— எல்லா உறுப்பிலயும் ஒரே எண் இருந்தா, பெர்ன்ல பழைய துப்பாக்கி சேகரிக்கிறவர் ஒருத்தர் ரெண்டாயிரம் ஃப்ராங்க் குடுப்பார். ஒண்ணே ஒண்ணு மாறியிருந்தாலும் ஆயிரத்து நூறைத் தாண்ட மாட்டார். உடம்புல அறுநூத்தி நாப்பத்திரெண்டு. குழாய்ல அதே. மேல் மூட்டுல அதே. பக்கத் தகடு...

— பக்கத் தகடு? ஏன் காஸ்பர், மூஞ்சி மாவு மாதிரி வெளுக்குது?

— நூத்திப் பதினெட்டு.

— அய்யோ, தொள்ளாயிரம் போச்சா!

— ரோசினா, நூத்திப் பதினெட்டு என்னோட எண். கல்யாண நாளை மறந்தேன்னு என் வீட்டுக்காரி மார்த்தா ஒரு வாரம் என்னை ஆறின உருளைக்கிழங்கு தின்ன வச்சாளே, அது மறந்தது, இது மறக்கலை. இந்தத் தகடு என் துப்பாக்கியில இருக்க வேண்டியது. அப்போ இந்தத் துப்பாக்கி எமிலோடது.

— எந்த எமில்?

— எந்த எமிலா! பதினோரு வருஷமா என்னைக் கண்டா கதவைச் சாத்தற எமில். மலைக்கு அந்தப் பக்கமாம்! உன் வீட்டுக்கு எதிர் வீடு.

— சரி, பிடிச்சுட்டே. உன் தகடு அவன்கிட்ட எப்படிப் போச்சு?

— நாப்பதாம் வருஷம், எல்லைக் காவல். ஒருத்தனுக்கு ஒரு துணி, அவனவன் துப்பாக்கியை அவனவன் துணியிலதான் பிரிச்சுப் போடணும். அது சட்டம். காவல் கொட்டாய்ல எங்களுக்குக் குளிரு, ஒரே கம்பளியில உக்காந்து பிரிச்சோம். தகடு மாறிடுச்சு. அடுத்த மாசமே பார்த்தேன், மாத்திக்கலாம்டான்னேன். இருக்கட்டும், எவனாவது விக்கணும்னா இன்னொருத்தன் வாசலுக்கு வந்துதானே ஆகணும்னான்.

— அடப்பாவி.

— அதே கொட்டாய்ல, காவல் நிக்கறப்போ நான் கண்ணசந்துட்டேன். அதிகாரி வர்றதுக்குள்ள எமில்தான் உசுப்பி விட்டான். மாட்டியிருந்தா சிறைதான். இன்னைக்கு வரைக்கும் அவன் ஒருத்தன்கிட்டயும் சொன்னதில்ல.

— நாப்பத்தெட்டு வருஷமா இந்த ஊர்ல ஒரு விஷயம் எனக்குத் தெரியாம இருந்திருக்கு! அவனைச் சும்மா விடமாட்டேன்.

— எதுக்கு விக்கறான்?

— சனிக்கிழமை கிளம்பறான். லொசான்ல மக வீட்டுக்கு, ஒரேயடியா. பேரப்பிள்ளைங்க ஓடற வீட்டுல துப்பாக்கி கூடாதுன்னு மருமகன் சொல்லிட்டானாம்.

— சனிக்கிழமையா? இன்னைக்கு வியாழன்.

— கிழமை எனக்கும் தெரியும். உன் துப்பாக்கியை எடுத்துட்டு வந்து தகட்டை மாத்து. ரெண்டாயிரம் வாங்கிக் குடு.

— மாத்த மாட்டேன். பெர்ன்காரனுக்கும் குடுக்க மாட்டேன். நானே வாங்கிக்கறேன். அதே ரெண்டாயிரம்.

— எமில் இதைத்தான் சொன்னான்! நீ இப்படித்தான் பிடிவாதம் பிடிப்பியாம். பணம் வேண்டாமாம்.

— பின்ன?

— தகட்டைப் பார்த்ததும் காஸ்பருக்கு வியாபாரமே மறந்துடும், அப்போ ஒரே ஒரு கேள்வி கேளுன்னான். எட்டா, ஒன்பதா?

— காப்பி ஆறிடுச்சு. வேற போடறேன்.

— உக்காரு. எழுபத்தேழாம் வருஷத் துப்பாக்கி சுடும் போட்டி, எமிலோட கடைசிக் குண்டு. பலகைக்குக் கீழே குழியில இருந்து, குண்டுக்கு எத்தனை புள்ளின்னு குறி காட்டினவன் நீ. அவன் ஒன்பதுன்னான். நீ எட்டுன்னு தட்டைத் தூக்கினே. ஒரே புள்ளியில பரிசு மாலையும் போச்சு, புகை போட்ட பன்றித் தொடையும் போச்சு. அதை ஜெயிச்ச தபால்காரன் வீட்டுல எனக்கும் ஒரு துண்டு குடுத்தாங்க. உப்பு ஜாஸ்தி.

— எட்டுன்னு காட்டினேன். எழுதிட்டாங்க. முடிஞ்சுது.

— முடிஞ்சுதுன்னா ஏன் தண்ணியே ஊத்தாம காப்பிப் பாத்திரத்தை அடுப்புல வைக்கறே?

— ...எனக்குத் தெரியாது, ரோசினா.

— என்ன தெரியாது?

— எட்டா ஒன்பதான்னு. மத்தியானம் சுட்ட சாசேஜ், ரெண்டு கிளாஸ் வெள்ளை வைன், மேல வெயில். ஊரே பேண்டு வாத்தியம் பார்க்கப் போயிருந்த நேரம். குழிக்குள்ள தூங்கிட்டேன். சுடற பக்கத்துலேர்ந்து குறி கேட்டு மணி அடிச்சுது. பதறிப்போய்ப் பார்த்தா பலகையில ரெண்டு ஓட்டை, ஒண்ணு எட்டு, ஒண்ணு ஒன்பது. முந்தின ஓட்டையில காகிதம் ஒட்ட மறந்திருக்கேன். எது கடைசின்னு கேட்டா மாட்டிக்குவேன். எட்டைத் தூக்கிட்டேன்.

— அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

— கிடங்குக்காரன் குழியில தூங்கினான்னு ஊரே சிரிக்கும். ஊர்கிட்ட வேண்டாம், அவன் ஒருத்தன்கிட்டயாவது சொல்லியிருக்கணும். அன்னைக்கு அவன் என்னையே பார்த்துட்டு நின்னான், ஏதோ கேக்கப் போறான்னு நினைச்சேன். கேக்கலை. போயிட்டான்.

— கோட்டை மாட்டு. தெருவைத் தாண்டினா அவன் வீடு.

— எந்த மூஞ்சியை வச்சுட்டுப் போய்ச் சொல்றது, ரோசினா? நான் தூங்கினேன்னு தெரிஞ்சா...

— நீ ஒண்ணும் புதுசாச் சொல்லப் போறதில்ல. உன் வாயால கேக்கணும்னுதான் பதினோரு வருஷமாக் காத்திருக்கான். அவன் நேத்து சொன்னதை வாய்க்குள்ளயே அடக்கி வச்சு என் உசிரே போகுது. குறி வரலையேன்னு குழி வரைக்கும் நடந்து வந்து, தொப்பியை மூஞ்சியில கவுத்துட்டு நீ குறட்டை விடறதைப் பார்த்துட்டு, சத்தம் போடாம திரும்பிப் போய் அந்த மணியை அடிச்சதே எமில்தான்.